'ப்ளீஸ்' போட்டும் ஏன் கோபிக்கிறார்கள்?

கோட்டை, கொள்ளுப்பிட்டிப் பக்கக் கந்தோர்களில் வேலை செய்கிறவர்களுக்கு அலுவலக ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என் தொழில். வருகிறவர்கள் பெரும்பாலும் இலக்கணத்தில் கெட்டிக்காரர்கள். நிர்வாகம் அவர்களை அனுப்புவது வேறொரு முறைப்பாட்டுக்காக: "இங்கிலாந்திலிருக்கிற வாடிக்கையாளர், இந்தப் பிள்ளை மரியாதையில்லாமல் எழுதுகிறது என்கிறார்." நேரில் பார்த்தால் அந்தப் பிள்ளை "வாங்கோ சேர், இருங்கோ" என்பதைத் தவிர வேறு விதமாகப் பேசத் தெரியாத பிள்ளையாக இருக்கும்.

கணக்குப் பகுதியிலிருந்து போகும் மின்னஞ்சல்கள் அனேகமாக இப்படித்தான் இருக்கும்: "யூ ஹேவ் ஃபெயில்ட் டு சென்ட் த இன்வொய்ஸ். ப்ளீஸ் சென்ட் இட் டுடே. ஐ வோன்ட் இட் பிஃபோர் ஃபைவ்."

இலக்கணப் பிழை ஒன்றுமில்லை. ஆனால் வாசிக்கிறவருக்குச் சுருக்கென்று தைக்கும். 'ஃபெயில்ட்' என்றால் 'நீ செய்யத் தவறிவிட்டாய்' என்று ஆளையே குற்றம் சாட்டுவது. சட்டத்தரணி அனுப்பும் கடிதத்தில் வரும் தொனி அது. "வீ ஹேவ்ன்ட் ரிசீவ்ட் த இன்வொய்ஸ் யெட்" என்று எழுதினால் விசயம் அதேதான், குற்றவாளி மட்டும் இல்லை. 'ஐ வோன்ட்' என்பதை மேலதிகாரி சொல்லலாம், அடம்பிடிக்கிற குழந்தை சொல்லலாம். 'ப்ளீஸ்' இதையெல்லாம் சரிக்கட்டிவிடும் என்பது நம்முடைய நம்பிக்கை. சரிக்கட்டாது. 'ப்ளீஸ் சென்ட்' மரியாதையான கட்டளைதான், ஆனால் கட்டளை. 'குட் யூ சென்ட்' என்று கேட்டால்தான் எதிராளிக்கு மறுக்க ஒரு வழி கிடைக்கிறது. அவர் மறுக்கப்போவதில்லை; வழி இருக்கிறது என்பதே மரியாதை.

தமிழில் மரியாதை வினைச்சொல்லின் வாலில் இருக்கிறது. அனுப்பு, அனுப்புங்கோ, அனுப்பிவிடுறீங்களா, அனுப்பினால் நல்லது என்று ஒரே சொல்லை எத்தனை படி ஏற்றலாம்! ஆங்கிலத்தில் 'சென்ட்' என்பதற்கு அப்படி வால் இல்லை, 'நீ'க்கும் 'நீங்கள்'க்கும் ஒரே 'யூ'தான். அதனால் அவர்கள் மரியாதையை வினைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார்கள்: குட், வுட், மைட். நாம் வாலைத் தேடிப் பார்க்கிறோம், கிடைக்கவில்லை, மொட்டையாக அனுப்பிவிடுகிறோம்.

'ஐ வாஸ் வொண்டரிங்' என்று அவர்கள் இப்போது கேட்பதையே இறந்தகாலத்தில் கேட்பது என் மாணவர்களுக்குப் பெரிய புதினம். யாழ்ப்பாணத்தாரிடம் நான் ஒன்றும் விளக்குவதில்லை. "ஒரு விசயம் கேப்பமெண்டு வந்தனான்" என்று வாசலில் நின்று இழுக்கிற மனிதரை ஞாபகப்படுத்தினால் போதும். அவரும் இப்போதுதான் கேட்கிறார்.

நம்மை அதிகம் மாட்டிவிடுகிற சொல் 'வேணும்'. லீவு வேணும், மருந்து குடிக்க வேணும், கட்டாயம் வர வேணும் எல்லாவற்றுக்கும் நமக்கு ஒரே சொல். ஆங்கிலத்தில் வோன்ட், நீட், மஸ்ட், ஷுட், ஹேவ் டு என்று அது பிரிந்துபோகும். சிங்களத்தில் 'ஓன' என்பதும் நம்முடைய 'வேணும்' மாதிரித்தான். 1987இல் இலங்கை அரசியலமைப்பின் 13ஆம் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. கொழும்புக் கந்தோர்களில் தமிழரும் சிங்களவரும் அதிலேதான் எழுதிக்கொள்கிறோம். இரண்டு பக்கமும் ஒரே மனக்கணக்கில் எழுதி வாசிப்பதால் 'ஐ வோன்ட்' இங்கே யாரையும் குத்துவதில்லை. கடிதம் கடல் தாண்டும்போதுதான் குத்துகிறது.

'மஸ்ட்' எப்போதும் அதட்டலும் அல்ல. "யூ மஸ்ட் கம் ஃபோர் டின்னர்" என்பது அன்பு. "யூ மஸ்ட் சப்மிட் திஸ் டுடே" என்பது அதிகாரம். யாருக்கு நன்மை என்று பாருங்கள். கேட்கிறவருக்கு என்றால் சொல் எவ்வளவு அழுத்தமோ அவ்வளவு பாசம். நம் வீடுகளில் "சாப்பிட்டுத்தான் போகவேணும்" என்று மறிப்பதும் இதே கணக்குத்தான்.

கொழும்பு ஆங்கிலத்தைத் திருத்தித் தீர்க்க வேண்டும் என்கிற கட்சி நான் அல்ல. 'தானே'யை 'நோ' ஆக்கி "ஐ டோல்ட் யூ, நோ?" என்பது வெள்ளவத்தைச் சிநேகிதிகளுக்கிடையில் இனிமையாகவே இருக்கும். மான்செஸ்டர்க்காரருக்கு அது ஏச்சாகக் கேட்கும், அவ்வளவுதான்.

உண்மையில் பயப்பட வேண்டியது பெரிய சொற்களைப் பற்றித்தான். சாதாரண தரக் கட்டுரையில் 'செய்ஸ்' (சொல்கிறார்) என்று எழுதினால் புள்ளி குறையும் என்று பழகியவர்கள், மனிதவளப் பிரிவுக்கு வந்தபின் "த எம்ப்ளோயி க்லெய்ம்ஸ் ஹீ வொஸ் சிக்" என்று அறிக்கை எழுதுகிறார்கள். 'க்லெய்ம்ஸ்' என்றால் அவர் அப்படிச் சொல்கிறார், ஆனால் நிரூபணம் இல்லை என்று ஒதுங்கி நிற்பது. அதற்குள் சந்தேகம் ஒளிந்திருக்கிறது. 'அட்மிட்ஸ்' போட்டால் இன்னும் மோசம், அவர் குற்றத்தை ஒப்புக்கொண்ட மாதிரி. எழுதியவருக்கு அந்த ஊழியரில் ஒரு கோபமும் இருக்காது, 'செய்ஸ்' சின்னச் சொல்லாகத் தெரிந்ததுதான் காரணம். விசாரணைக் கோப்பில் ஒருவருடைய வேலை இந்த ஒற்றைச் சொல்லில் தொங்கலாம். வாக்குமூலம், விபத்து அறிக்கை எழுதுகிறவர்கள் 'செய்ஸ்' என்பதோடு நின்றுகொள்ளுங்கள்.

'க்வைட் குட்' பற்றியும் ஒரு வரி. பிரித்தானியர் சொன்னால் பெரும்பாலும் 'பரவாயில்லை', அமெரிக்கர் சொன்னால் 'மிக நன்று'. வேலை மதிப்பீட்டில் இதைப் பார்த்துவிட்டுச் சந்தோசப்படுமுன் எழுதியவர் எந்த ஊர் என்று பாருங்கள்.

இந்த நுண்ணிய வேறுபாட்டை ஆங்கிலத்தில் 'நியூவான்ஸ்' என்பார்கள். பிரெஞ்சிலிருந்து வந்த சொல், முகிலின் நிழல்சாயலில் பிறந்தது. இப்போது நேர்முகத் தேர்வுகளில் அந்தச் சொல்லையே அள்ளி வீசுகிறார்கள், சாயலைத்தான் காணவில்லை.

சாயலைப் பிடிக்க ஆங்கில-தமிழ் அகராதி உதவாது. 'ஸ்லிம்', 'தின்', 'ஸ்கினி' மூன்றுக்கும் அது 'மெலிந்த' என்றே போட்டிருக்கும். ஹோர்ன்பி என்பவர் தொகுத்து 1948இல் ஒக்ஸ்ஃபோர்ட் வெளியிட்ட அகராதியின் வழியில் வந்த, கற்பவருக்கான அகராதிகள் இணையத்தில் இலவசமாகவே இருக்கின்றன. அவற்றில் சில சொற்களுக்குப் பக்கத்தில் 'டிஸ்அப்ரூவிங்' என்று ஒரு சின்னக் குறிப்பு இருக்கும்; முகம் சுளித்துச் சொல்வது என்று பொருள். 'ஸ்கினி'க்கு அது உண்டு. உடம்பு மெலிந்து வந்த சக ஊழியைப் பாராட்ட நினைத்தால் 'ஸ்லிம்' என்று எழுதுங்கள்.