முள் அசையாமல் கசியும் காற்று: ரயில் இன்ஜின் அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

ரயில் பிரேக் என்றதும் பலர் நினைப்பது இதுதான்: காற்றை அடித்தால் பிரேக் பிடிக்கும், காற்று போய்விட்டால் பிரேக்கும் போய்விடும். ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் காப்புரிமை வாங்கிய முதல் காற்று பிரேக் உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. இன்ஜினிலிருந்து காற்றை அனுப்பினால் ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்கும். ஆனால் நடுவில் ஒரு குழாய் பிய்ந்தால் பின்னால் உள்ள பெட்டிகளுக்குப் பிரேக்கே கிடையாது. ரயில் இரண்டாக அறுந்துபோகும் நேரத்தில்தான் பிரேக் மிக அவசியம், சரியாக அப்போதுதான் அது கைவிட்டுவிடும். சில ஆண்டுகளிலேயே அவர் ஏற்பாட்டைத் தலைகீழாகத் திருப்பினார். குழாயில் காற்று நிறைந்திருக்கும்வரை பிரேக் விடுபட்டிருக்கும், காற்று குறைந்தால் பிரேக் பிடிக்கும். இன்றுவரை உலகம் முழுக்க ஓடும் ரயில்களில் அடிப்படை இதுதான்.

இந்திய ரயில்வேயின் கணக்கில் சொன்னால், இன்ஜினிலிருந்து கடைசிப் பெட்டிவரை ஓடும் பிரேக் பைப்பில் சதுர சென்டிமீட்டருக்கு 5 கிலோ அழுத்தத்தில் காற்று இருக்கும். லோகோ பைலட்டுகள், அதாவது ரயில் ஓட்டுநர்கள், பேச்சில் இது 'பிபி'. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு காற்றுத் தொட்டியும், டிஸ்ட்ரிபியூட்டர் வால்வு என்ற ஒரு காவல்காரரும் உண்டு. பிபி அழுத்தம் குறைந்ததை அந்த வால்வு கவனித்ததும், பெட்டியின் சொந்தத் தொட்டியில் இருக்கும் காற்றை பிரேக் சிலிண்டருக்குத் திருப்பிவிடும். அழுத்தம் ஒன்றரை கிலோ குறைந்தால் முழு பிரேக். ஆக, இந்தக் குழாயில் காற்று பிரேக்கை விடுவித்து வைத்திருக்கும் பொருளாகவும் இருக்கிறது, இன்ஜினிலிருந்து பெட்டிகளுக்குப் போகும் செய்தியாகவும் இருக்கிறது. கசிவு என்பது அந்தச் செய்தியில் கலக்கும் இரைச்சல்.

இரைச்சல் இல்லாத ரயில் கிடையாது. 58 வேகன் கொண்ட ஒரு நிலக்கரி ரயில் 600 மீட்டருக்கு மேல் நீளம். ஏறக்குறைய 60 இடங்களில் ரப்பர் ஹோஸ்கள் ஒன்றோடொன்று கோத்திருக்கும். ஒவ்வொரு கோப்பிலும் ஒரு ரப்பர் வாஷர், இரண்டு பக்கமும் குழாயை மூடித் திறக்கும் ஆங்கிள் காக், அதற்கப்பால் கிளைக் குழாய்கள், வால்வுகள். ரயில் வளைவில் திரும்பும்போதும், இழுபட்டு நெருங்கும்போதும் எல்லாமே கொஞ்சம் அசையும். எங்காவது கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால்தான் விதிகள் 'கசியவே கூடாது' என்று சொல்வதில்லை, 'இவ்வளவுக்கு மேல் கசியக் கூடாது' என்கின்றன. பயணிகள் பெட்டிகளைப் பராமரிப்புக்குப் பின் சோதிக்கும்போது, காற்றை நிரப்பி, வரவை அடைத்துவிட்டு, ஒரு நிமிடத்தில் அழுத்தம் 0.2 கிலோவுக்கு மேல் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள்.

அந்தச் சோதனையில் 'வரவை அடைத்துவிட்டு' என்பதைக் கவனியுங்கள். சிக்கலே அங்கேதான்.

ரயில் ஓடும்போது வரவு அடைபட்டிருக்காது. இன்ஜினில் கம்ப்ரஸர்கள் நிரப்பி வைக்கும் பெரிய தொட்டி ஒன்று இருக்கிறது. மெயின் ரிசர்வாயர் என்பார்கள். அதில் அழுத்தம் 8 முதல் 10 கிலோ. பிரேக் பைப்பில் 5 கிலோவுக்குக் கீழே ஒரு இம்மி குறைந்தாலும், இன்ஜினில் உள்ள ரிலே வால்வு இந்தத் தொட்டியிலிருந்து காற்றை எடுத்து நிரப்பிவிடும். வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக்குத் தானாக ஓடும் மோட்டார் வைத்திருந்தால், குழாயில் எவ்வளவு ஒழுகினாலும் தொட்டியில் மட்டம் இறங்காது அல்லவா, கரண்ட் பில்தான் காட்டிக் கொடுக்கும். அதே கதைதான். லோகோ பைலட் முன்னால் இருக்கும் பிபி கேஜில் முள் 5இலேயே நிற்கும். கசிவு இருந்தாலும் நிற்கும், இல்லாவிட்டாலும் நிற்கும்.

அதாவது, கசிவை அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க முயல்வது, கசிவை மறைப்பதற்கென்றே அமைத்த ஒரு ஏற்பாட்டோடு சண்டை போடுவது. அளக்க வேண்டியது அழுத்தத்தை அல்ல, ஓட்டத்தை. இன்ஜின் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு காற்றை ரயிலுக்குள் தள்ளுகிறது? ரயில் முழுக்க நிரம்பி, பிரேக் விடுபட்ட நிலையில் ஓடிக்கொண்டிருக்கும்போது, உள்ளே போகும் காற்று முழுவதும் எங்கோ வெளியே போகும் காற்றுதான். வேறு கணக்கு கிடையாது.

அதை அளக்கும் கருவியின் தத்துவம் எளிமையானது. காற்று போகும் வழியில் ஒரு நெருக்கலான துளையை வைக்கிறார்கள். காற்று நகராதபோது துளைக்கு முன்னும் பின்னும் அழுத்தம் ஒன்றாகவே இருக்கும். காற்று ஓடத் தொடங்கினால் பின்பக்கம் அழுத்தம் கொஞ்சம் குறையும். ஓட்டம் கூடக்கூட இந்த வித்தியாசம் வேகமாகக் கூடும். தோராயமாகச் சொன்னால், ஓட்டம் இரண்டு மடங்கானால் வித்தியாசம் நான்கு மடங்கு. இந்த வித்தியாசம் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வைத் தள்ளி முள்ளை நகர்த்தலாம், அல்லது ஒரு அழுத்த சுவிட்சைத் தட்டி விளக்கைப் போடலாம். புதிய இன்ஜின்களில் அதே வேலையை மின்னணு சென்சார் செய்து கணினிக்கு எண்ணாகக் கொடுக்கிறது. ஏர் ஃப்ளோ இண்டிகேட்டர் என்பது இவ்வளவுதான். அமெரிக்க விதிகளில் இதற்குத் தெளிவான ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள்: நிமிடத்துக்கு 5 பிஎஸ்ஐக்கு (அங்கே அழுத்தத்தை அளக்கும் அலகு) மேல் அழுத்தம் இறங்கக் கூடாது என்ற பழைய சோதனைக்குப் பதிலாக, உள்ளே போகும் காற்று நிமிடத்துக்கு 60 கன அடியைத் தாண்டவில்லை என்று காட்டியும் ரயிலைக் கிளப்பலாம் என்று நெடுங்காலம் இருந்து வந்தது. என் பார்வையில் இரண்டாவதே நேர்மையான அளவு. நீளமான ரயிலில் குழாயின் கொள்ளளவு அதிகம், அதனால் அதே அளவு கசிவுக்கு அழுத்தம் மெதுவாகத்தான் இறங்கும். ஓட்ட அளவு ரயிலின் நீளத்தைப் பார்த்து ஏமாறாது.

கருவி எவ்வளவு என்று சொல்லும், எங்கே என்று சொல்லாது. அதற்கு ஆள் இறங்கித்தான் நடக்க வேண்டும். சீறல் சத்தம், ஹோஸ் மூட்டில் சோப்புத் தண்ணீர் தடவினால் கிளம்பும் குமிழ், இவைதான் இன்றும் யார்டுகளில் நம்பகமான வழி. இரைச்சலான இடங்களுக்கு அல்ட்ராசவுண்ட் கருவி உண்டு. நெருக்கலான இடுக்கு வழியே பீறிடும் காற்று நம் காதுக்கு எட்டாத உயர் அதிர்வெண்ணிலும் ஒலி எழுப்புகிறது. பக்கத்தில் டீசல் இன்ஜின் உறுமினாலும் அந்த ஒலியை மட்டும் பிரித்துக் கேட்டுவிடலாம்.

இந்திய மின்சார இன்ஜின்களில் இந்த ஓட்ட அளவை அபாய அறிவிப்போடு இணைத்திருக்கிறார்கள். ரயில் நடுவில் அறுந்துவிட்டது, அல்லது யாரோ அபாயச் சங்கிலியை இழுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். சங்கிலியை இழுத்தால் ரயில் தானாகவே சடாரென்று நின்றுவிடும் என்று நினைக்கிறோம். நடப்பது வேறு. அந்தப் பெட்டியில் ஒரு வால்வு திறந்து, சிறிய துளை வழியாக பிரேக் பைப்பின் காற்று வெளியேறும். துளையை வேண்டுமென்றே சிறிதாக வைத்திருக்கிறார்கள். இன்ஜினோ தன் வழக்கப்படி காற்றை நிரப்பிக்கொண்டே இருக்கும். அதனால் பிபி முள் கொஞ்சம்தான் தளரும், கவனம் சிக்னலில் இருக்கும்போது அது கண்ணில் படாமலே போகலாம். ஆனால் ஓட்டம் சட்டென்று எகிறும். எல்எஸ்ஏஎஃப் என்று பைலட்டுகள் அழைக்கும் விளக்கு எரியும், பஸ்ஸர் அலறும். பழைய மின்சார இன்ஜின்களில், பைலட் கவனிக்காமல் விட்டால் சிறிது நேரத்தில் இழுவிசையும் தானாகக் குறையத் தொடங்கும். கூடவே இன்ஜினின் முகப்பில் மஞ்சள் ஃப்ளாஷர் விளக்கு மின்ன ஆரம்பிக்கும்.

அந்த ஃப்ளாஷர் யாருக்காக? பக்கத்துத் தண்டவாளத்தில் எதிரே வரும் ரயிலுக்காக. காற்று திடீரென்று போவதற்கு ஒரு காரணம், பெட்டிகள் தடம் புரண்டு குழாய் அறுந்திருப்பது. புரண்ட பெட்டி அடுத்த பாதையில் கிடக்கலாம். பைலட்டுக்கே என்ன நடந்தது என்று தெரியாத அந்தச் சில விநாடிகளிலேயே எதிர் ரயிலை நிறுத்தச் சொல்லிவிட வேண்டும். கசிவு எச்சரிக்கையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரு குழாயில் காற்று ஓடும் வேகத்தை வைத்து, இன்னொரு ரயிலைக் காப்பாற்றுகிறார்கள்.

பொய் எச்சரிக்கை வராதா? வரும், அதைத் தவிர்ப்பதுதான் இந்தக் கருவிகளின் உள்வேலையில் கடினமான பாதி. பிரேக் போட்டுவிட்டு விடும்போது காலியான குழாயையும் தொட்டிகளையும் மீண்டும் நிரப்ப இன்ஜின் ஏராளமான காற்றைத் தள்ளும். அப்போதும் ஓட்டம் எகிறத்தான் செய்யும். அது கசிவு அல்ல. ஆகவே பிரேக் கைப்பிடி எந்த நிலையில் இருக்கிறது, அதைத் தொட்டு எவ்வளவு நேரமாகிறது என்பதோடு சேர்த்துத்தான் ஓட்டத்துக்குப் பொருள் சொல்ல முடியும். அடிக்கடி காரணமில்லாமல் கத்தும் பஸ்ஸரை எந்த மனிதரும் நாளடைவில் காதில் போட்டுக்கொள்ள மாட்டார்.

இதுவரை சொன்னது பெரிய கசிவு. மெதுவான கசிவு வேறு ரகம், அதுதான் ஆபத்தானது. காரணம் டிஸ்ட்ரிபியூட்டர் வால்வின் இயல்பிலேயே இருக்கிறது. சாதாரணக் கசிவுக்கெல்லாம் பிரேக் பிடித்தால் ரயில் ஓடவே முடியாது. எனவே 6 விநாடிகளில் 0.6 கிலோ குறைந்தால் வால்வு கட்டாயம் வேலை செய்ய வேண்டும், 60 விநாடிகளில் 0.3 கிலோ மட்டும் குறைந்தால் அசையக் கூடாது என்பது விதி. மெதுவாகக் காற்று இறங்கும்போது, வால்வு ஒப்பிட்டுப் பார்க்கும் தொட்டியின் காற்றும் சிறு துவாரம் வழியே பிரேக் பைப்புக்குத் திரும்பி, இரண்டும் கைகோத்துக்கொண்டு இறங்கும். வித்தியாசம் இல்லை, எனவே பிரேக்கும் இல்லை.

2013 ஜூலை 6 அதிகாலை, கனடாவின் கியூபெக் மாகாணத்தில் லாக் மெகாந்திக் என்ற ஊரில் நடந்தது இதற்குச் சான்று. கச்சா எண்ணெய் ஏற்றிய 72 டேங்கர்களோடு ஒரு ரயிலை முந்தைய இரவு நாந்த் என்ற இடத்தில், 1.2 சதவீதச் சரிவில் நிறுத்திவிட்டு ஓட்டுநர் ஓய்வுக்குப் போய்விட்டார். கைப்பிரேக் 7 வண்டிகளில் மட்டும், அது போதாது. இன்ஜின்களின் சொந்தக் காற்று பிரேக்தான் ரயிலைப் பிடித்து வைத்திருந்தது. அது காற்று அழுத்தும்வரைதான் பிடிக்கும், காற்று போனால் பிடியும் போய்விடும். டேங்கர்களின் காற்று பிரேக்கைப் போடவில்லை. முதல் இன்ஜினில் தீப்பிடிக்க, தீயணைப்பு வீரர்கள் வந்து இன்ஜினை நிறுத்தித் தீயை அணைத்தார்கள். இன்ஜின் நின்றதும் கம்ப்ரஸரும் நின்றது. நிரப்ப ஆளில்லாத காற்று மெல்ல மெல்லக் கசிந்தது. இன்ஜின் பிரேக் தளர்ந்தது. பிரேக் பைப்பில் அழுத்தம் குறைந்தது, ஆனால் டேங்கர்களின் வால்வுகள் விழித்துக்கொள்ளும் வேகத்தில் குறையவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் ரயில் தானாக உருளத் தொடங்கியது. சுமார் 11 கிலோமீட்டர் உருண்டு, மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டிய வேகத்தில் ஊருக்குள் தடம் புரண்டு வெடித்தது. 47 பேர் இறந்தார்கள். மின்சாரம் நின்றால் ரயில் முழுவதற்கும் பிரேக் போடக்கூடிய ஒரு பாதுகாப்புச் சாதனம் அந்த இன்ஜினில் இருந்தது, ஆனால் அந்த வேலையைச் செய்யும்படி அதற்கு வயரிங் கொடுத்திருக்கவில்லை என்று கனடாவின் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் கண்டறிந்தது. ஓட்ட அளவு, அழுத்த சுவிட்ச், பஸ்ஸர் எல்லாமே இன்ஜின் உயிரோடு இருந்து, கேட்க ஒரு ஆளும் இருக்கிறவரைதான் பயன்படும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஓட்டம் அதிகமானால் ஆபத்து என்றோம். ஓட்டம் மிகக் குறைவாக இருந்தால்? இன்ஜினுக்குப் பின்னால் ஏதாவது ஒரு காக் மூடியிருந்தால், அதற்கப்பால் இருக்கும் குழாய் முழுக்கத் துண்டிக்கப்பட்டுவிடும். கசிவதற்கு அதிகக் குழாய் மிச்சமில்லை. முள் 5இல் அழகாக நிற்கும், ஓட்டம் பூஜ்யத்தை ஒட்டி இருக்கும். கேஜ்களைப் பார்த்தால் அருமையான ரயில், பிரேக்கோ முன்பகுதிக்கு மட்டும்தான். 1988 ஜூன் 27 அன்று பாரிஸின் கார் து லியோன் நிலையத்தில் 56 பேர் இறந்த விபத்தில் இப்படித்தான் முதல் பெட்டிக்குப் பின்னால் ஒரு வால்வு தவறுதலாக மூடப்பட்டிருந்தது. அதனால் விடுபடாமல் நின்ற பிரேக்குகளைக் காற்று அடைப்பு என்று நினைத்து, பெட்டிகளில் பிரேக்கை அழுத்திப் பிடித்திருந்த காற்றைத் திறந்துவிட்டுத்தான் ரயிலைக் கிளப்பினார்கள்.

கசிவைத் தேடும் கருவியால் இதைப் பிடிக்க முடியாது. பிடிக்க வேண்டுமானால் ரயிலின் மறுமுனையில் ஒரு கண் வேண்டும். சரக்கு ரயிலின் கார்டு வேனில் ஒரு பிபி கேஜ் இருப்பது அதற்காகத்தான். இன்ஜினில் 5 கிலோ என்றால் அங்கே 4.8ஆவது இருக்க வேண்டும். கிளம்பும் முன் லோகோ பைலட் அழுத்தத்தைக் குறைப்பார், கார்டு தன் கேஜில் முள் இறங்குவதையும், பிறகு ஏறுவதையும் பார்த்து உறுதி சொல்வார். கார்டு இல்லாமல் ஓடும் ரயில்களில் அந்தக் கேஜின் இடத்தைக் கடைசி வேகனின் கப்ளரில் (வேகன்களை இணைக்கும் கொக்கி) மாட்டும் ஒரு சிறிய பெட்டி எடுத்துக்கொண்டிருக்கிறது. அது பிரேக் பைப்பின் வால் நுனி அழுத்தத்தை அளந்து ரேடியோ வழியாக இன்ஜினுக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். தலையில் 5, வாலில் திடீரென்று பூஜ்யம் என்றால் ரயில் அறுந்துவிட்டது. தலையில் அழுத்தத்தைக் குறைத்தும் வாலில் மாற்றமே இல்லை என்றால், நடுவில் எங்கோ ஒரு காக் மூடியிருக்கிறது.