மறைகாப்பு: 'கான்ஃபிடென்ஷியல்' என்ற சொல்லுக்கு நேரான தமிழ்

சில வாரங்களுக்கு முன் தக்கலையிலிருந்து உறவுக்காரப் பையன் ஒருவன், பதினொரு பக்க ஒப்பந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு நாகர்கோவிலில் இருக்கும் என் வீட்டுக்கு வந்தான். பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றவன். எந்த நிறுவனத்திலும் சம்பளத்துக்குச் சேராமல், காற்றாலை இறக்கைகளின் அதிர்வைக் கணக்கிட்டுச் சொல்லும் ஆய்வு ஆலோசனையை வீட்டிலிருந்தே செய்கிறான். முப்பந்தல் காற்றாலைகளைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கூடம் போனவனுக்கு அந்த வேலையில் ஆசை வந்ததில் வியப்பில்லை. ஒப்பந்தத்தை அனுப்பியது ஒரு வெளியூர் நிறுவனம்.

"மாமா, நாலாம் பக்கம் முழுக்க கான்ஃபிடென்ஷியல், கான்ஃபிடென்ஷியல் என்றே இருக்கிறது. இரகசியம் என்றுதானே பொருள்? நான் யாரிடமும் வாய் திறக்கப் போவதில்லை. கையெழுத்துப் போட்டுவிடட்டுமா?" என்று கேட்டான்.

இரகசியம் என்று படித்தால் அந்தப் பக்கத்தில் பாதிதான் புரியும். மீதிப் பாதியில்தான் அவனுடைய பிழைப்பே இருக்கிறது.

'கான்ஃபிடென்ஷியல்' லத்தீனிலிருந்து வந்த சொல். 'ஃபிதேரே' என்றால் நம்புதல். முன்னால் 'கான்' சேர்ந்தால் முழுமையாக நம்புதல். தன்னம்பிக்கையைக் குறிக்கும் 'கான்ஃபிடென்ஸ்' இதன் உடன்பிறப்பு. ஆக, அந்தச் சொல்லின் வேரில் ஒளித்தல் இல்லை, நம்பிக்கைதான் இருக்கிறது. ஒருவர் நம்மை நம்பி ஒன்றைச் சொல்லியிருக்கிறார், அதனால் நமக்கு ஒரு கடமை வந்துவிட்டது என்பதே அதன் உள்ளடக்கம்.

'இரகசியம்' வேறு வழியாக வந்த சொல். வடமொழியில் 'ரஹஸ்' என்பது தனிமை, ஆளரவமற்ற இடம். தனிமையில் நடப்பது, பிறர் அறியாதது என்று அது வளர்ந்தது. என் இரகசியத்தை நான் ஒருவனே வைத்திருக்கலாம், இன்னொருவர் தேவையில்லை. கான்ஃபிடென்ஷியல் என்பதற்கோ எப்போதும் இரண்டு பேர் வேண்டும், சொன்னவரும் கேட்டவரும். 'கமுக்கம்' நல்ல தமிழ்ச் சொல்தான். ஆனால் கமுக்கமாக ஒரு காரியம் செய்தான் என்னும்போது சற்றுக் கள்ளத்தனமும் ஒட்டிக்கொள்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வாடை வேண்டாம்.

அரசு அலுவலகக் கோப்புகளில் 'மந்தணம்' என்ற சொல் உண்டு. வடமொழியில் 'மந்த்ரணம்' என்றால் கலந்தாலோசித்தல். மந்திரி என்பவர் ஆலோசனை சொல்பவர். அது தமிழில் மந்தணமாகி இரகசியத்தையும் குறித்தது. ஆலோசனையும் அதைக் காக்க வேண்டிய கடமையும் ஒரே சொல்லில் ஒட்டிக்கொண்டிருப்பது ஆலோசகர் தொழிலுக்கு மிகவும் பொருத்தம் என்பேன். குறை என்னவென்றால், அலுவலகத்துக்கு வெளியே அந்தச் சொல் நடமாடவில்லை.

எனக்குப் பிடித்தது 'மறை'. மறைத்தலிலிருந்து வந்தாலும், குறளில் அது எப்படி ஆளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். 1076ஆம் குறள்: 'அறைபறை அன்னர் கயவர்தாம் கேட்ட மறைபிறர்க்கு உய்த்துரைக்க லான்.' தாம் கேட்ட மறையைச் சுமந்துபோய்ப் பிறரிடம் சொல்வதால் கயவர் அடிக்கப்படும் பறையைப் போன்றவர். இங்கே 'கேட்ட மறை' என்ற இரண்டு சொற்கள் போதும். அது தன்னுடைய இரகசியம் அன்று. இன்னொருவரிடமிருந்து வந்து சேர்ந்தது. கான்ஃபிடென்ஷியல் என்று சட்டம் எதைச் சொல்கிறதோ, அது கேட்ட மறைதான். அமைச்சர்கள் பதவியேற்கும்போது எடுக்கும் 'இரகசியக் காப்புப் பிரமாணம்' எல்லோர் காதிலும் விழுந்ததுதான். அதிலுள்ள 'காப்பு' என்னும் பாதியை எடுத்து மறையோடு சேர்த்தால் 'மறைகாப்பு'. இதையே நான் பரிந்துரைக்கிறேன்.

என்.டி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் 'நான்-டிஸ்க்ளோஷர் அக்ரிமென்ட்' என்பதற்கு 'வெளியிடாமை ஒப்பந்தம்' என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்துக்கு நேர் என்றாலும் அது ஆளைத் தவறான இடத்தில் நிறுத்துகிறது. வெளியே சொல்லாவிட்டால் போதும் என்று தோன்றிவிடும். ஒருவர் தந்த சோதனை அளவீடுகளை யாரிடமும் காட்டாமல், அவற்றை வைத்தே அவருடைய போட்டியாளருக்கு ஒரு வடிவமைப்பைச் செய்து கொடுத்தாலும் அது மீறல்தான். நம் ஊரில் 'அடைக்கலப் பொருள்' என்பார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஊருக்குப் போகும்போது நகையைக் கொடுத்து வைத்துவிட்டுப் போகிறார். அதைப் பிறரிடம் கொடுக்கக் கூடாது, நாமும் எடுத்து அணியக் கூடாது, கேட்டதும் திருப்பித் தர வேண்டும். மறைகாப்பின் மூன்று கடமைகளும் அதில் அடங்கிவிட்டன.

அடைக்கலத்தில் இன்னொன்றும் உண்டு. எது அவருடையது, எது என்னுடையது என்பது தெளிவாக இருக்க வேண்டும். பையனின் நாலாம் பக்கம் அங்கேதான் தவறியிருந்தது. 'பணியின்போது ஆலோசகர் அறிந்த, பயன்படுத்திய, உருவாக்கிய அனைத்தும்' மறைகாப்புக்கு உட்பட்டது என்று எழுதியிருந்தார்கள். அவன் ஐந்து ஆண்டு ஆராய்ச்சியில் தானாகவே எழுதிய கணக்கீட்டு நிரலையும் இந்த வேலையில் பயன்படுத்தப் போகிறான். 'பயன்படுத்திய அனைத்தும்' என்ற சொல் அதையும் வாரிக்கொண்டு போய்விடும். முன்பே தெரிந்தது, ஊரறிந்தது, வேறொருவர் முறையாகச் சொல்லித் தெரிந்தது, தானாகக் கண்டறிந்தது ஆகியவை விலக்கு என்று எழுதிக் கேட்கச் சொன்னேன். 'டிரேட் சீக்ரெட்' எனப்படும் வணிக மறைபொருளுக்கெனத் தனிச் சட்டம் நம் நாட்டில் இல்லாததால், வழக்கு என்று வந்தால் ஒப்பந்தத்தின் சொற்களே பெரும்பாரத்தைச் சுமக்கும்.

இனி, இந்த மறைகாப்பு உட்கார்ந்திருக்கும் 'ஒப்பந்தம்'. ஒப்பு என்பது அடி; ஒத்துப்போதல், ஒப்புக்கொள்ளுதல். தெலுங்கிலும் கன்னடத்திலும் இதே சொல் உண்டு. 'கான்ட்ராக்ட்' என்பதோ லத்தீனில் ஒன்றாகச் சேர்த்து இழுத்தல். இரண்டு பேரை ஒரு கயிற்றால் இழுத்துக் கட்டுவது அந்தச் சொல். இரண்டு மனம் ஒத்துவருவது நம் சொல். சட்டத்துக்கு இரண்டும் வேண்டும். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, சட்டத்தால் நிறைவேற்றத்தக்க உடன்பாடுதான் ஒப்பந்தம். ஆகவே 'அக்ரிமென்ட்' என்பதற்கு உடன்பாடு, 'கான்ட்ராக்ட்' என்பதற்கு ஒப்பந்தம் என்று பிரித்தே எழுத வேண்டும்.

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த இடத்தில் கூடுதலாக ஒரு சொல் கையில் இருக்கிறது: கரார். அரபு மொழியின் 'கரார்', முடிவுசெய்யப்பட்டது, நிலைபெற்றது என்ற பொருளோடு உருது வழியாக நம் மொழிகளுக்குள் வந்தது. மலையாளத்தில் இன்றும் கரார் என்றால் ஒப்பந்தம்தான். தமிழில் அதே சொல் 'கறார்' ஆகி, கண்டிப்பு என்று மாறிவிட்டது. கறார் விலை என்றால் பேரம் முடிந்துபோன விலை. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் அதன் வழிவந்த மாநிலத்தோடும் இருந்த ஊர்கள் இவை; விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பழைய வீடுகளில் மலையாளத்தில் எழுதிய பத்திரங்கள் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. தோப்பையும் ரப்பர் மரங்களையும் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுத்தவர்கள், ஒற்றிக்கு நிலம் கொடுத்தவர்கள், எழுதாமல் எதையும் ஒப்படைத்ததில்லை. எத்தனை மரம், எத்தனை ஆண்டு, யார் உரம் போடுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிய ஊர்க்காரனின் பேரன், மூளையைப் பாட்டத்துக்கு விடும்போது மட்டும் படிக்காமல் கையெழுத்துப் போடுவது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

'ஃப்ரீலான்ஸ்' பற்றியும் சொல்ல வேண்டும். லான்ஸ் என்றால் ஈட்டி. எந்தப் பிரபுவுக்கும் கட்டுப்படாமல், கூலி கொடுப்பவருக்காகத் தன் ஈட்டியைத் தூக்கும் வீரன் என்ற பொருளில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுந்த சொல். தமிழில் 'தனித்தொழிலர்' எனலாம். 'ஒப்பந்தப் பணியாளர்' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது. நம் வழக்கில் அது நிரந்தரமாக்கப்படாத ஊழியரைக் குறிக்கும், அந்தக் குழப்பத்துக்கு விலையும் உண்டு. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஊழியர் வேலையின் பகுதியாக எழுதியதற்கு, வேறு உடன்பாடு இல்லாவிட்டால், முதல் உரிமையாளர் முதலாளி. தனித்தொழிலர் எழுதிய அறிக்கைக்கும் கணினி நிரலுக்கும் பொதுவாக முதல் உரிமையாளர் அவரே. நிறுவனத்துக்கு அது வேண்டுமென்றால் கையெழுத்திட்ட உரிமை மாற்ற ஆவணம் வேண்டும். அதில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு, நிலப்பரப்பு குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும் என்று அந்தச் சட்டமே கணக்கு வைத்திருக்கிறது.

ஈட்டி என்றதும் எனக்குத் தக்கலைக்குப் பக்கத்திலிருக்கும் உதயகிரிக் கோட்டை நினைவுக்கு வரும். 1741இல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மரிடம் பிடிபட்ட டச்சுக் கம்பெனிப் படைத்தலைவர் டி லனோய், பிறகு திருவிதாங்கூர்ப் படைக்கே பயிற்சி அளித்தார். அந்தக் கோட்டைக்குள்தான் அவர் கல்லறை இருக்கிறது. அவர் தனித்தொழிலர் அல்லர், சிறைப்பட்டு வந்தவர். ஆயினும் ஒன்று தெரிகிறது: கற்ற திறன் ஆளோடு போகும். ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் இதையொட்டியே நிற்கிறது. ஒருவர் முறையான தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு அந்த அளவுக்குச் செல்லாது. 'பணி முடிந்து இரண்டு ஆண்டுகள் வேறெந்தக் காற்றாலை நிறுவனத்துக்கும் வேலை செய்யக் கூடாது' என்று ஒன்பதாம் பக்கத்தில் இருந்த வரி இதற்குள் வந்து விழும். மறைகாப்பு பணி முடிந்த பிறகும் தொடரலாம். திறனைப் பூட்டி வைக்க முடியாது.

கட்டணம் பற்றி ஒரே ஒரு சொல். தொண்ணூறு நாளில் பணம் என்றிருந்தது. குறு, சிறு நிறுவனமாக மத்திய அரசின் 'உத்யம்' தளத்தில் பதிவு செய்திருந்தால், அத்தகைய நிறுவனங்களுக்கான 2006ஆம் ஆண்டுச் சட்டப்படி எழுத்தில் ஒப்புக்கொண்ட கெடுவும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கூட்டு வட்டி. பையன் பதிவே செய்திருக்கவில்லை. அன்று மாலையே என் மேசையில் உட்கார்ந்து செய்துமுடித்தான்.

நாலாம் பக்கத்துக்கு மாற்றாக நாங்கள் முதலில் தமிழில் எழுதிக்கொண்டு, அப்புறம் ஆங்கிலத்தில் ஆக்கிய வரி இது: 'நிறுவனம் எழுத்தில் ஒப்படைத்து, மறைகாப்புக்குரியது எனக் குறித்த தகவல்களை, ஆலோசகர் இப்பணிக்கு மட்டும் பயன்படுத்துவார், பிறருக்கு அளியார், பணி முடிந்ததும் திருப்பித் தருவார். இணைப்பில் பட்டியலிட்ட நிரல்கள் ஆலோசகருக்கு உரியவை.' இணைப்பில் அவன் எழுதிய நிரல்கள் ஏழு. ஒவ்வொன்றுக்கும் எழுதிய தேதியைத் தேடி எடுக்கப் பஸ்ஸில் தக்கலைக்குத் திரும்பிப் போனான்.