போத்தலைச் சோப்பு போட்டுக் கழுவாதீர்கள்

எங்கள் ஆய்வுக்கூடத்தில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் வாரம் போத்தல் கழுவும் வேலைதான். பட்டம் வாங்கி வந்த பிள்ளைகளுக்கு முகம் சுருங்கிவிடும். பளபளவென்று இருக்கட்டுமே என்று சோப்பு போட்டுத் தேய்த்துக் கொண்டுவந்து நிற்பார்கள். அத்தனையையும் திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வேன். சோப்பில் பாஸ்பேட் இருந்தால் அது கொஞ்சம் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். நீர்த்தேக்கத் தண்ணீரில் நாங்கள் தேடுவதும் அந்தப் பாஸ்பேட்டில் இருக்கும் பாஸ்பரஸைத்தான். அது கூடினால் பாசி மண்டிவிடும். லிட்டருக்குச் சில மைக்ரோகிராம் இருந்தாலே கணக்கு. அப்புறம் அளந்தது ஏரியையா சோப்பையா என்று யாருக்குத் தெரியும்? அதனால் அமிலத்தில் ஊறவைத்து, சுத்திகரித்த நீரில் நாலைந்து முறை அலசிக் கவிழ்த்து வைப்போம்.

நாடுகள் சேர்ந்து பெரிய ஏரிகளைக் காப்பாற்றுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு இந்தப் போத்தல்தான் நினைவுக்கு வரும். ஒப்பந்தம், ஆணையம், கைகுலுக்கும் படம் எல்லாம் சரி. இரண்டு கரையிலும் ஒரே மாதிரி போத்தல் கழுவுகிறார்களா?

சில ஆண்டுகளுக்கு முன், அண்டை நாடுகளிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே சிங்கப்பூரில் நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் நானும் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். ஒரே வாளித் தண்ணீரை ஐந்து குழுக்களுக்குப் பிரித்துக் கொடுத்து, கரைந்திருக்கும் பாஸ்பரஸை அளக்கச் சொன்னோம். மறுநாள் பலகையில் ஐந்து விடைகள். குறைந்ததற்கும் கூடியதற்கும் மூன்று மடங்கு வித்தியாசம்! யாரும் ஏமாற்றவில்லை. ஒரு குழு கரையிலேயே வடிகட்டியது. இன்னொன்று, சாப்பிட்டுவிட்டு வந்து வடிகட்டலாம் என்று வேனிலேயே விட்டுப் போயிருந்தது. வடிகட்டாத தண்ணீரில் பாசி உயிரோடு இருக்கும். பாஸ்பரஸைத் தின்னும், செத்தால் திருப்பிக் கக்கும். மூன்றாவது குழு கரைந்ததை விட்டுவிட்டு மொத்த பாஸ்பரஸை அளந்து வைத்திருந்தது. அந்தக் குழு எங்கள் ஆட்கள்தான். சொல்லிக்கொடுக்கப் போன இடத்தில் பட்ட வெட்கம் இன்னும் போகவில்லை.

இந்த ஐந்து விடைகளும் ஐந்து அரசாங்கங்களின் அறிக்கைகளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? உன் பக்கம்தான் அழுக்கு என்று பத்து வருஷம் சண்டை போட்டிருப்பார்கள்.

ஐரோப்பாவின் கான்ஸ்டன்ஸ் ஏரியில் இது வேறு மாதிரி நடந்தது. ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா மூன்றுக்கும் சொந்தமான ஏரி அது. ஏரியின் பெரும்பகுதியில் எல்லை எங்கே என்று அவர்கள் இன்றுவரை ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் தண்ணீரைக் காக்க 1959லேயே கூட்டு ஆணையம் அமைத்துவிட்டார்கள். 1970களின் கடைசியில் லிட்டருக்கு 80 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்த பாஸ்பரஸ் இப்போது 10க்கும் கீழே. கோடு போடுவதைத் தள்ளிவைத்துவிட்டுக் கழிவுநீரைச் சுத்திகரிக்கப் போனதால் வந்த பலன் என்றுதான் நான் சொல்வேன். (தண்ணீர் இவ்வளவு சுத்தமானால் மீனுக்குச் சாப்பாடு ஏது என்று அங்குள்ள மீனவர்கள் குறைப்பட்டுக்கொள்வது தனிக்கதை.)

அமெரிக்காவும் கனடாவும் பங்கிட்டுக்கொள்ளும் ஈரி ஏரி அவ்வளவு சுலபமாக அடங்கவில்லை. 1972ல் ஒப்பந்தம் போட்டு, சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைத்து, கழிவுநீர் நிலையங்களைச் சீர்படுத்தியபின் ஏரி தேறி வந்தது. ஆனால் வயல் உரம் மழையோடு ஓடிவந்து சேர, பாசி திரும்பவும் படர்ந்தது. 2014 ஆகஸ்ட்டில் அமெரிக்கக் கரையிலுள்ள டொலிடோ நகர வட்டாரத்தில் 400,000 பேருக்கு மேல் குழாய்த் தண்ணீரைக் குடிக்கக் கூடாது என்று அறிவித்தார்கள். கொதிக்கவைத்தும் குடிக்க முடியாது. பாசி நஞ்சு சூட்டில் அழியாது. தண்ணீர் ஆவியாக ஆக, மிஞ்சுவதில் நஞ்சின் அடர்த்திதான் கூடும். ஏரியின் மேற்குப் பகுதிக்கு வரும் பாஸ்பரஸை 2008ஆம் ஆண்டு அளவிலிருந்து 40 விழுக்காடு குறைப்பதென்று இரு நாடுகளும் 2016ல் முடிவெடுத்தன.

நம் வட்டாரத்துக்கு வருவோம். தென்கிழக்காசியாவின் ஆகப் பெரிய நன்னீர் ஏரி கம்போடியாவின் தொன்லே சாப். மழைக்காலத்தில் மேக்கோங் ஆறு பெருகியதும், ஏரியிலிருந்து கிளம்பி மேக்கோங்கில் சேரும் ஆறு திசை திரும்பி ஏரிக்குள்ளேயே பாயும். ஏரி பல மடங்கு விரியும், மீன் பெருகும். ஏரி முழுக்கக் கம்போடியாவுக்குள் இருந்தாலும் அதன் மூச்சு மேலே இருக்கும் நாடுகளின் கையில். 1995ல் அமைந்த மேக்கோங் நதி ஆணையத்தில் கம்போடியா, லாவோஸ், தாய்லாந்து, வியட்னாம் நான்கும்தான் உறுப்பினர்கள். மேல்பகுதியில் அணைகள் கட்டியிருக்கும் சீனா பேச்சுவார்த்தைப் பங்காளி மட்டுமே. அது 2002லிருந்து வெள்ளக்கால நீர்மட்ட விவரங்களைத் தந்துவந்தது. ஆண்டு முழுக்கத் தருவதாக ஒப்புக்கொண்டது 2020ல்தான். வெறும் விவரத்துக்கே இத்தனை வருஷம். தண்ணீரைப் பற்றிய பேச்சு அதற்கப்புறம்தான்.

நமக்கென்ன, நம்மிடம் ஏரியே இல்லையே என்று காப்பிக்கடையில் ஒரு நண்பர் கேட்டார். மலேசியாவில் ஓடும் ஜொகூர் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் லிங்கியு நீர்த்தேக்கத்தைச் சொன்னேன். அங்கிருந்து திறந்துவிடும் தண்ணீர்தான் கடலின் உப்பு ஆற்றில் ஏறாமல் தள்ளிவைக்கிறது. அதனால்தான் ஜொகூரோடு போட்ட 1962 ஒப்பந்தப்படி நாளுக்கு 250 மில்லியன் கேலன் வரை நம்மால் எடுக்க முடிகிறது. 2016 அக்டோபரில் அதன் கொள்ளளவில் 20 விழுக்காடுதான் மிச்சம் இருந்தது. அப்புறம் உள்ளூர்க் கதையையும் சொன்னேன். சிங்கப்பூர் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கு நீர்பிடிப்புப் பகுதி. சமையலறைத் தொட்டியில் ஊற்றுவது சாக்கடைக் குழாயோடு போய்விடும். புளோக்குக்குக் கீழே கார் கழுவி வடிகாலில் விடும் சோப்பு நுரை பெரும்பாலும் நீர்த்தேக்கத்துக்குத்தான் போகிறது. அவர் போன வாரம்தான் அப்படிக் கழுவியிருந்தார். பேச்சை மாற்றிவிட்டார்.

அந்தப் பயிற்சி முடிந்த அன்று, தொன்லே சாப் கரையில் வளர்ந்த ஓர் இளைஞர் அமிலத்தில் கழுவிய போத்தல் இரண்டு டஜன் கேட்டு வாங்கிக்கொண்டார். காலி போத்தலை எதற்குக் கொண்டுபோகிறாய் என்று விமான நிலையத்தில் கேட்டார்களாம். ஒரு மாதம் கழித்துக் குறுஞ்செய்தி வந்தது: போத்தல் போதவில்லை, அமிலம் எவ்வளவு விழுக்காடு என்று மட்டும் சொல்லுங்கள். பத்து, ராத்திரி முழுக்க ஊறட்டும் என்று பதில் போட்டேன்.