பெயர் சொன்னால் திரும்புகிறான், பாடம் மட்டும் ஏறவில்லை

இந்த வாரமும் ஒரு தாய் மகனின் பள்ளி டைரியை எடுத்துக்கொண்டு வந்தார். "கூப்பிட்டால் உடனே திரும்புகிறான். காதில் ஒரு கோளாறும் இல்லை. கவனம்தான் இல்லை" என்று ஆசிரியர் எழுதியிருந்தார். பள்ளி மாறுகிறது, கையெழுத்து மாறுகிறது, இந்த வாக்கியம் மட்டும் மாறுவதே இல்லை. செவித்திறன் பரிசோதனையே தொழிலாக இருப்பதால் இதைப் படித்துப் படித்து எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

பையனின் டிக்டேஷன் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 'சட்டை' என்று சொன்னதற்கு 'அட்டை' என்று எழுதியிருந்தான். 'சிலை' இலையாகியிருந்தது, 'பட்டம்' கட்டமாகியிருந்தது. வரிக்கு வரி சிவப்புக் கோடு, கீழே 'படித்து வரவில்லை' என்ற குறிப்பு. ஆசிரியர்களே, அந்தத் தவறுகளைச் சற்று உற்றுப் பாருங்கள். உயிரொலி ஒன்றுகூடப் பிசகவில்லை, சொல்லின் நீளமும் சரியாக இருக்கிறது. தவறிப்போனவை எல்லாம் சொல்லின் முதலில் வரும் மெல்லிய மெய்யொலிகள். படிக்காத பிள்ளை இவ்வளவு ஒழுங்காகத் தவறு செய்யாது. எந்தச் சுருதியில் எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடமான அவனுடைய ஆடியோகிராமும் அதையே காட்டியது: தாழ்ந்த சுருதி ஒலிகள் கேட்பது ஏறக்குறைய இயல்பு, 2000 ஹெர்ட்ஸுக்கு மேலான உயர்ந்த சுருதிகளில் செங்குத்தான சரிவு.

காது ஒன்று கேட்கும், இல்லையென்றால் கேட்காது என்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது. பேச்சின் சத்தத்தைப் பெரும்பாலும் உயிரொலிகள் சுமக்கின்றன. அவை தாழ்ந்த அலைவரிசையில் பலமாக வருகின்றன. சொல்லுக்குச் சொல் வேறுபாட்டைக் காட்டுகிற ச, ஸ, ஷ போன்றவை உயர்ந்த அலைவரிசையில், மிக மெலிதாக இருக்கின்றன. அதனால் இந்தப் பிள்ளைக்கு நீங்கள் பேசுவது கேட்கிறது, என்ன பேசினீர்கள் என்பதுதான் பிடிபடுவதில்லை. பெயர் சொன்னால் ஏன் திரும்புகிறான்? ஆயிரம் முறை கேட்ட சொல் அது, பாதி விழுந்தாலே போதும். கதவு தட்டினால் திரும்புவதும், கை தட்டினால் திரும்புவதும், மணியடித்தால் முதல் ஆளாக எழுவதும் எதையும் நிரூபிக்காது. 'ஒளிச்சேர்க்கை' என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்கும்போது ஊகித்து நிரப்ப அவனிடம் என்ன இருக்கிறது?

"நேற்று நன்றாகத்தானே பதில் சொன்னாள்?" என்றும் கேட்கிறார்கள். நடுச்செவியில் நீர் கோத்திருக்கும் குழந்தைக்குச் சளி கூடக் கூடக் கேட்பது குறையும், வடிந்தால் தேறும். ஒரு காது மட்டும் கேட்காத பிள்ளையோ அமைதியான அறையில் தடையில்லாமல் உரையாடும். வகுப்பில் நாற்பது குரல்களுக்கு நடுவே யார், எந்தப் பக்கத்திலிருந்து பேசினார்கள் என்று தேடுவதற்குள் பேச்சே முடிந்துவிடும். இவர்கள் யாரும் நடிக்கவில்லை.

"அதுதான் காது மெஷின் போட்டாயிற்றே?" என்பது அடுத்தது. கண்ணாடி போட்டதும் எழுத்து தெளிவதைப்போல இது நடப்பதில்லை. கருவி உங்கள் குரலோடு மின்விசிறியையும் பெஞ்ச் இழுபடுவதையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. தூரம் இரட்டிப்பாகும்போதெல்லாம் உங்கள் வாயிலிருந்து நேராகச் செல்லும் ஒலி சுமார் 6 டெசிபல் இறங்குகிறது, ஆனால் அறையின் இரைச்சல் இறங்குவதில்லை. இந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் குரல் இரைச்சலைவிட 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும். கடைசி வரிசையில் அது கனவிலும் கிடைக்காது. கருவியோடு இணையும் மைக்கை உங்கள் சட்டையில் குத்திக்கொள்வது அதற்காகத்தான். மேசைமேல் வைத்துவிட்டு நடந்தால் பயனில்லை. வேறொரு மாணவனைத் தனியே கண்டிக்கும்போது அதை அணைத்துவிடுங்கள், அத்தனையும் இந்தக் குழந்தையின் காதில்தான் விழுகிறது.

தயவுசெய்து கரும்பலகையைப் பார்த்துக்கொண்டு பேசாதீர்கள். எழுதுங்கள், திரும்புங்கள், பிறகு பேசுங்கள். ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும், உதடு தெரியாது. உதடு தெரிந்தாலும் எல்லாம் கிடைத்துவிடாது. கண்ணாடி முன் நின்று 'பாலை', 'மாலை' என்று சொல்லிப் பாருங்கள், இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். கத்தவும் வேண்டாம். கத்தினால் உயிரொலிகள்தான் இன்னும் வீங்கும், உதட்டசைவும் கோணிப்போகும். முதல் பெஞ்ச் எல்லோருக்கும் சிறந்த இடமில்லை. சற்று ஓரமாக, உங்களையும் பிற பிள்ளைகளையும் பார்க்கும்படி, கேட்கும் காது வகுப்பின் பக்கம் இருக்கும்படி உட்கார வையுங்கள். டிக்டேஷனை நடந்துகொண்டே சொல்லாதீர்கள். "புரிந்ததா?" என்ற கேள்விக்கு இந்தக் குழந்தைகள் எப்போதும் தலையாட்டுவார்கள். "நான் என்ன சொன்னேன், சொல்லு" என்று கேளுங்கள். பிடிபடவில்லையென்றால் அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாமல் வேறு சொற்களில் சொல்லுங்கள். பிற்பகலில் மேசையில் தலை சாய்த்தால் சோம்பேறி என்று சொல்லிவிடாதீர்கள். காலையிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் போராடிப் பிடித்த களைப்பு அது.

காலையில் ஒரு நிமிடம் ஒதுக்க முடியுமா? குழந்தையின் பின்னால் சுமார் 2 மீட்டர் தள்ளி நின்று, இயல்பான குரலில் ஆ, ஊ, ஈ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளையும் வரிசை மாற்றி, இடைவெளியைக் கூட்டிக் குறைத்துச் சொல்லுங்கள். கேட்டதைக் குழந்தை திருப்பிச் சொல்லட்டும். கையால் வாயை மூடிக்கொண்டு சொல்ல வேண்டாம், ஒலியே மழுங்கிவிடும். நேற்றுச் சொன்ன ஸ் இன்று வரவில்லையென்றால் பேட்டரி தீர்ந்திருக்கலாம், கருவியைக் காதுக்குள் பொருத்தும் காது அச்சின் குழாயில் அழுக்கு அடைத்திருக்கலாம், சளி பிடித்திருக்கலாம். அன்றே வீட்டுக்குத் தெரிவியுங்கள், பெற்றோர் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். மாற்று பேட்டரிகளைக் குழந்தையின் பையில் போடாமல் உங்கள் மேசை இழுப்பறையில் பூட்டி வையுங்கள். எந்தக் குழந்தையாவது ஒன்றை விழுங்கிவிட்டதாகச் சந்தேகம் வந்தாலே, அறிகுறிக்குக் காத்திராமல் அந்த நிமிடமே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.