ஒரே மண்டபம் எட்டு டிராக்குகளுக்கும் போதும்

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். வைகாசியில் வரும் கெங்கையம்மன் திருவிழாவுக்காக அவரும் நண்பர்களும் வீட்டிலேயே பாடல்களைப் பதிவு செய்கிறார்கள். பம்பை, சிலம்பு, உடுக்கை, ஆர்மோனியம், கீபோர்டு, மூன்று குரல்கள் என மொத்தம் எட்டு டிராக்குகள். கையில் இருப்பது இரண்டு கோர்கள் (பிராசஸருக்குள் கணக்கிடும் அலகுகள்) மட்டுமே கொண்ட பழைய மடிக்கணினி. ஒவ்வொரு டிராக்கிலும் எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப் பிளகின் (துணை மென்பொருள்) ஒன்றைப் போட்டதும் பாட்டின் நடுவே படக் படக் என்று வெடிக்கும் ஓசை வருகிறது. ஆனால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் பிராசஸரின் பளு 60 விழுக்காடுதான் என்கிறது. மீதி 40 விழுக்காடு சும்மா இருக்கும்போது கணினி ஏன் திணற வேண்டும் என்பது அவருடைய கேள்வி. மிக நல்ல கேள்வி இது, ஏனென்றால் புதிய கணினி வாங்கச் சொல்லும் எவரும் இதற்கு விடை சொல்வதில்லை.

வழக்கமான ஒலிப்பதிவில் ஒரு நொடி ஒலி என்பது 44,100 எண்கள். ஒவ்வோர் எண்ணையும் ஒரு சாம்பிள் என்கிறோம். பிராசஸர் இவற்றை ஒவ்வொன்றாகக் கணக்கிட்டு அனுப்புவதில்லை. 128, 512, 1024 என்று ஒரு கட்டாகச் சேர்த்துத்தான் அனுப்புகிறது. அந்தக் கட்டுதான் பஃபர். 512 சாம்பிள்கள் கொண்ட ஒரு கட்டு ஒலித்து முடிய 11.6 மில்லி நொடி ஆகும். அதற்குள் அடுத்த கட்டுக்கான எல்லா பிளகின்களின் கணக்கும் முடிந்திருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் சமையற்கட்டில் அண்டா அண்டாவாகச் சாம்பார் இருந்தும், பந்தி உட்கார்ந்த நேரத்தில் வாளி வந்து சேராவிட்டால் இலையில் வெறும் சோறு கிடப்பதைப் போல, மொத்தத் திறன் எவ்வளவு இருந்தாலும் அந்த 11.6 மில்லி நொடிக்குள் கட்டு தயாராகாவிட்டால் ஒலிபெருக்கிக்குப் போக ஒன்றும் இருக்காது. அலை பாதியில் அறுந்து சுழியத்துக்கு விழும்; அந்தச் செங்குத்தான விழுகைதான் காதில் படக் என்று கேட்கிறது.

60 விழுக்காடு என்பது ஒரு நொடி அல்லது அதற்கு மேற்பட்ட நேரத்துக்கான சராசரி; அதுவும் இரண்டு கோர்களுக்கும் சேர்த்துப் போட்ட சராசரி. ஒரே டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்கள் ஒன்றன் வெளியீட்டுக்கு மற்றொன்று காத்திருப்பவை; ஆகவே அவற்றைப் பொதுவாக இரண்டு கோர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்க முடியாது. ஒரு கோர் 100 விழுக்காட்டில் மூச்சு முட்டி நிற்க, மற்றொன்று 20 விழுக்காட்டில் ஓய்ந்திருந்தாலும் டாஸ்க் மேனேஜர் 60 என்றுதான் காட்டும்.

பஃபரைப் பெரிதாக்கினால் மூச்சுவிட இடம் கிடைக்கும் என்பது பலருக்கும் தெரியும். 1024 என்று வைத்தால் கெடு 23.2 மில்லி நொடியாக நீள்கிறது. அதற்கு விலை தாமதம். 512-இல் பதிவு செய்தால் ஒலி உள்ளே வரும்போது ஒரு கட்டும் வெளியே போகும்போது ஒரு கட்டுமாகக் குறைந்தது 23 மில்லி நொடி போய்விடும். இது பம்பைக்காரர் தம் பம்பையின் ஓசையை 8 மீட்டர் தள்ளி நின்று கேட்பதற்குச் சமம், தாளம் கட்டாயம் பின்னே இழுக்கும். ஆகவே பதிவு செய்யும்போது பளுவான பிளகின்களை அணைத்துவிட்டு 128-இல் பதிவு செய்வதும், பதிவான டிராக்குகளைக் கலவை செய்யும்போது 1024-க்கு மாற்றிக்கொள்வதுமே சரியான வழி.

இப்போது ரிவெர்புக்கு வருவோம். வாசகரின் கணினியை அழுத்துவது அதுதான். எனக்கு மிகவும் பிடித்த கணிதமும் அதற்குள்தான் இருக்கிறது.

வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலின் கல் தூண்களுக்கு நடுவே நின்று ஒரு முறை கை தட்டிப் பாருங்கள். முதலில் தட்டல் நேராகக் காதுக்கு வருகிறது. அடுத்து அருகிலுள்ள தூண்களில் பட்டு வந்த சில எதிரொலிகள் தனித்தனியாக வருகின்றன. அதன் பின் கூரை, தரை, தொலைவிலுள்ள தூண்கள் என்று பல முறை மோதித் திரும்பிய ஆயிரக்கணக்கான எதிரொலிகள் ஒன்றோடொன்று பின்னி, பிரித்தறிய முடியாத ஒரு வாலாகத் தேய்ந்து மறைகின்றன. அந்தத் தட்டலையும் வாலையும் ஒலிவாங்கியால் பதிவு செய்துவிட்டால், நீங்கள் நின்ற இடத்துக்கும் ஒலிவாங்கி இருந்த இடத்துக்கும் இடையே அந்த இடம் ஒலியை என்ன செய்கிறது என்பது முழுவதும் அந்தப் பதிவுக்குள் வந்துவிடுகிறது. கன்வல்யூஷன் ரிவெர்ப் என்ற வகைப் பிளகின்கள் இத்தகைய பதிவுகளைத்தான் பயன்படுத்துகின்றன.

எப்படியென்றால், உங்கள் பாட்டின் ஒவ்வொரு சாம்பிளையும் ஒரு குட்டிக் கைத்தட்டலாகக் கொள்ளலாம். ஒவ்வொன்றும் தன் உரப்புக்கு ஏற்ற ஒரு வாலை விட்டுச் செல்லும். ஒரு நொடியில் 44,100 வால்கள் புறப்பட்டு ஒன்றன் மேல் ஒன்று படிகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் பாட்டு அந்த மண்டபத்தில் பாடப்பட்டதாகவே ஒலிக்கும். வால் 3 நொடி நீளம் என்றால் அதில் 1,32,300 எண்கள் உண்டு. வெளியே வரும் ஒவ்வொரு சாம்பிளுக்கும் 1,32,300 பெருக்கல்கள் வேண்டும். ஒரு நொடி ஒலிக்கு ஏறத்தாழ 583 கோடி. ஸ்டீரியோவுக்கு அதில் இரு மடங்கு. எட்டு டிராக்குகளுக்கு நொடிக்கு 9,300 கோடிக்கு மேல். பழைய மடிக்கணினியின் கோர் நொடிக்குச் சில நூறு கோடி முறைதான் துடிக்கிறது. ஒரே துடிப்பில் பல பெருக்கல்களைச் சேர்த்துச் செய்யும் வசதி அதற்கு இருந்தாலும் இந்தக் கணக்கை நேராகச் செய்வது நடக்கிற காரியமில்லை.

அதனால் பிளகின் நேராகச் செய்வதில்லை. ஒலியை அதிர்வெண்களாகப் பிரித்துவிட்டால், வால்களை ஒன்றன் மேல் ஒன்றாகப் படியவைக்கும் இந்தப் பெரிய வேலை, ஒவ்வோர் அதிர்வெண்ணுக்கும் ஒரே ஒரு பெருக்கலாகச் சுருங்கிவிடுகிறது. அப்படிப் பிரிக்கும் வேலையை மிகச் சிக்கனமாகச் செய்வதுதான் விரைவு ஃபூரியே உருமாற்றம். 3 நொடி ஒலியை 3 நொடி வாலோடு சேர்க்க நேர்வழியில் 1,750 கோடிப் பெருக்கல்கள் தேவை என்றால், இந்த வழியில் ஏறத்தாழ 2 கோடி போதும்.

இந்த உத்தியை 1965-இல் ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி என்ற இருவர் வெளியிட்டார்கள். அவர்களுக்கு இசையைப் பற்றிய நினைப்பே இல்லை. சோவியத் ஒன்றியம் நிலத்தடியில் நடத்தும் அணுகுண்டுச் சோதனைகளை நில அதிர்வுப் பதிவுகளிலிருந்து கண்டுபிடிக்க முடியுமா என்ற கவலைதான் அந்த வேலையைத் தூண்டிய காரணங்களில் ஒன்று. இதே உத்தியை ஜெர்மன் கணிதமேதை காஸ் 1805 அளவிலேயே சிறுகோள்களின் பாதையைக் கணக்கிடும்போது கண்டறிந்திருந்தார் என்பது பின்னர் தெரியவந்தது. அந்தக் குறிப்பு அவர் இறந்த பிறகுதான் அச்சேறியது. சிறுகோளுக்காகவும் அணுகுண்டுக்காகவும் போட்ட கணக்கு இன்று குடியாத்தத்தில் ஓர் அம்மன் பாட்டுக்கு உதவுகிறது. கணித ஆராய்ச்சிக்கு நிதி கேட்கும்போதெல்லாம் இதனால் உடனே என்ன பயன் என்று கேட்பது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. நம் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கணிதத் துறைகளிடம் அந்தக் கேள்வியைக் கேட்பதை நிறுத்திவிட்டு, அவர்களுக்குத் தாராளமாகப் பணம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இந்த உத்தியில் ஒரு சிக்கல் உண்டு. 3 நொடி ஒலியை மொத்தமாக அதிர்வெண்களாகப் பிரிக்க வேண்டுமானால், 3 நொடி ஒலி வந்து சேரும் வரை காத்திருக்க வேண்டும். ஆனால் பாடகருக்கு எதிரொலி உடனே கேட்டாக வேண்டும். இதற்கு வில்லியம் கார்ட்னர் என்ற ஆய்வாளர் 1995-இல் ஓர் அழகான தீர்வை வெளியிட்டார். அவர் வாலைத் துண்டுகளாக வெட்டினார். தலைப்பகுதியில் ஒரு சிறு துண்டு. அதை மட்டும் தாமதமே இல்லாமல் நேர்வழியில் பெருக்கிவிடலாம். அதன் பின் வரும் துண்டுகள் போகப் போகப் பெரிதாகின்றன. வாலின் இரண்டாவது நொடியில் இருக்கும் எதிரொலி இப்போது பாடிய எழுத்துக்கு இரண்டு நொடி கழித்துத்தான் தேவைப்படும். ஆகவே அந்தப் பெரிய துண்டுக்கு ஒலியைச் சேர்த்துவைக்கவும் கணக்குப் போடவும் நேரம் தாராளமாக இருக்கிறது. எதிரொலியின் தன்மையே கணக்குக்கு அவகாசம் கொடுக்கிறது. எத்தனை முறை படித்தாலும் இந்த இடத்தில் நின்று ரசிக்காமல் என்னால் மேலே போக முடிவதில்லை. பெரிய துண்டுகளின் கணக்கு வந்து விழும் கட்டுகளில் மட்டும் பளு திடீரென எகிறக்கூடும். சராசரி குறைவாகத் தெரிந்தும் வெடிப்பு ஒழுங்கான இடைவெளியில் வருவதற்கு இது ஒரு காரணம்.

எட்டு ரிவெர்ப்கள் உண்மையிலேயே தேவையா என்பதுதான் வாசகர் பார்க்க வேண்டிய இடம். தேவையில்லை, இதைக் கணிதமே உறுதியாகச் சொல்கிறது. மண்டபம் ஒரு நேரியல் அமைப்பு. பம்பை மட்டும் ஒலித்தால் வரும் எதிரொலியையும் குரல் மட்டும் ஒலித்தால் வரும் எதிரொலியையும் கூட்டினால் கிடைப்பதும், இரண்டும் சேர்ந்து ஒலித்தால் வரும் எதிரொலியும் எண்ணுக்கு எண் ஒன்றேதான். எனவே எட்டு டிராக்குகளையும் செண்ட் (ஒலியின் நகலை வேறிடத்துக்கு அனுப்பும் வசதி) வழியாக ஒரே பஸ்ஸுக்கு, அதாவது பல டிராக்குகள் வந்து கூடும் பொதுப் பாதைக்கு, அனுப்பி, அங்கே கூட்டி, ஒரே ஒரு ரிவெர்ப் போட்டால் போதும். செவிக்கு ஏறத்தாழ அப்படித்தான் கேட்கும் என்ற சமரசம் அல்ல இது. எட்டிலும் ஒரே அமைப்பு வைத்திருந்தால் விடை அப்படியே அதுவேதான். வேலை மட்டும் எட்டில் ஒரு பங்காகிறது. செண்டின் அளவைக் கூட்டினால் அந்த வாத்தியம் மண்டபத்துக்குள் தள்ளிப் போகும், குறைத்தால் அருகே வரும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனி இடம் கொடுக்கும் சுதந்திரமும் பறிபோவதில்லை. பஸ்ஸில் இருக்கும் ரிவெர்பின் மூல ஒலி அளவைச் சுழியமாக வைக்க மறக்கக் கூடாது, இல்லாவிட்டால் நேரான ஒலி இரண்டு முறை வரும்.

ஒலியைச் சற்றுத் தாமதித்துத் திரும்ப ஒலிக்கும் டிலேவும், அதிர்வெண்களின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரும் இதே வகைதான். மூன்று குரல்களுக்கும் ஒரே ஈக்வலைசர் அமைப்பு என்றால் மூன்றையும் ஒரு பஸ்ஸில் சேர்த்து அங்கே ஒன்று போடலாம். கம்ப்ரஸரையும், ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷனையும் இப்படிச் செய்யக் கூடாது. கம்ப்ரஸர் ஒலியின் உரப்பைப் பார்த்து அதற்கேற்பத் தன் வேலையை மாற்றிக்கொள்வது. பொதுவான பஸ்ஸில் போட்டால் பம்பை ஓங்கி விழும்போதெல்லாம் குரலும் சேர்ந்து அமுங்கும்.

கீபோர்டு டிராக்கில் மென்பொருள் வாத்தியம் ஒன்று ஓடுகிறது என்கிறார். வாசித்து முடிந்த பகுதியை ஃப்ரீஸ் செய்துவிட, அதாவது ஒலிக் கோப்பாக மாற்றி வைத்துவிட, வேண்டும். அதன் பின் பிராசஸர் அந்த வாத்தியத்தை ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்காது; வட்டிலிருந்து நொடிக்கு மூன்றரை லட்சம் பைட் அளவில் படித்துக்கொள்ளும், பழைய வட்டுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. 96,000 சாம்பிள் வீதத்தில் பதிவு செய்தால் தரம் கூடும் என்று யாரோ சொன்னதை நம்பியிருந்தால் அதையும் விட்டுவிடலாம். மனிதச் செவியின் எல்லை சுமார் 20,000 ஹெர்ட்ஸ். அதன் இரு மடங்குக்கு மேலான 44,100 அதை முழுமையாகப் பிடிக்கிறது, 96,000 பளுவை இரு மடங்குக்கு மேல் ஏற்றுகிறது. கணினியின் நினைவகத்தைச் சுத்தம் செய்து வேகம் கூட்டுவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்கள் கணினி உலகின் மந்திரித்த தாயத்துகள். அவற்றால் இந்தக் கெடு ஒரு மைக்ரோ நொடிகூட நீளாது.

பாட்டை நிறுத்திய பிறகு பளு குறைவதற்குப் பதில் ஏறினால், பழைய ரிவெர்ப் பிளகின் ஒன்றைச் சந்தேகிக்கலாம். எதிரொலி தேயத் தேய அதன் எண்கள் புள்ளிக்குப் பின் 37 சுழியங்களைத் தாண்டும் அளவுக்குச் சிறுக்கின்றன. அந்த எல்லைக்குக் கீழே உள்ள எண்களைப் பழைய இன்டெல் பிராசஸர்கள் வழக்கமான விரைவுப் பாதையில் கையாள முடியாமல், ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு மேற்பட்ட துடிப்புகளைக்கூடச் செலவிடுகின்றன. காதுக்கு முழு அமைதி. கணினிக்கோ உச்சபட்ச உழைப்பு. நன்றாக எழுதப்பட்ட பிளகின்கள் இத்தகைய எண்களைச் சுழியமாக்கிவிடுகின்றன; அப்படிச் செய்யாத பிளகினை மாற்றுவதே நல்லது.

வேலூர் வெயிலையும் கணக்கில் சேர்த்தாக வேண்டும். பல மடிக்கணினிப் பிராசஸர்கள் 100 டிகிரி அளவில் தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்கின்றன. அறை 25 டிகிரியில் இருந்தால் அந்த எல்லைக்கு 75 டிகிரி இடைவெளி உண்டு. சித்திரையில் ஓட்டு வீட்டு அறை 41 டிகிரி என்றால் 59 டிகிரிதான் மிச்சம். விசிறி அதே வேகத்தில் சுழன்றால், பிராசஸர் வெளியேற்றக்கூடிய வெப்பம் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது. காலையில் வெடிக்காமல் ஓடிய அதே பாட்டு பிற்பகலில் வெடிப்பதற்கு இதுவே காரணமாக இருக்கலாம். விசிறியின் தூசியைத் தட்டி, மெத்தை மேல் வைக்காமல் மேசை மேல் வைத்து, சார்ஜரைச் செருகி, கலவை வேலையை விடியற்காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

திருவிழா நெருங்கிவிட்டதால் வாசகருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். பாட்டைக் கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது எந்தக் கெடுவும் கிடையாது. ஒரு கட்டுக்கு 11 மில்லி நொடிக்குப் பதில் 50 மில்லி நொடி ஆனாலும் மென்பொருள் பொறுமையாக முடித்துவிட்டுத்தான் அடுத்ததை எடுக்கும். ஓடவிட்டுக் கேட்கும்போது வந்த வெடிப்புகள் அந்தக் கோப்பில் இருக்காது. பதிவு செய்த வேளையிலேயே ஒலிக்குள் புகுந்த வெடிப்புகள் மட்டும் எந்த ஏற்றுமதியிலும் போகாது. அந்தப் பகுதியை 128-இல், ரிவெர்பை அணைத்துவிட்டு, மறுபடியும் வாசித்துத்தான் ஆக வேண்டும்.