பாதாளச் சாக்கடை எதை ஏற்கும், எதை ஏற்காது

மனிதக் கழிவும் சோப்பு நுரையும் சமையலறைக் கழுவுநீரும் பாதாளச் சாக்கடைக்குள் சட்டப்படியே போகின்றன. ஆனால் கண்ணாடிபோல் தெளிந்திருக்கும் ஒரு கரைப்பானையோ, பார்வைக்குத் தண்ணீராகவே தெரியும் ஓர் அமிலக் கழிவையோ அதே குழாயில் விட முடியாது. மழைநீருக்குத் தனி வடிகால் உள்ள ஊர்களில், மாசே இல்லாத மழைநீரைக்கூட அதில் விடுவதற்குத் தடை உண்டு. அழுக்கை அளவுகோலாக வைத்துப் பார்த்தால் இந்த விதிகள் தலைகீழாகத் தோன்றும். விதிகளை வகுத்தவர்கள் பார்த்தது அழுக்கை அல்ல. குழாய், குழாய்க்குள் இறங்கும் தொழிலாளி, சுத்திகரிப்பு நிலையத்தில் வாழும் நுண்ணுயிர்கள், அங்கே மிஞ்சும் கசடு, கடைசியில் நீர் போய்ச் சேரும் ஆறு ஆகிய இவற்றில் எதற்கு, எந்த அளவில் கேடு வரும் என்பதையே அவர்கள் கணக்கிட்டார்கள்.

எளிதில் விளங்குவது வெடிவிபத்து. 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா எண்ணெய் பிரித்தெடுக்கப் பயன்படும் ஹெக்சேன் என்னும் கரைப்பான் சாக்கடைக்குள் கலந்து, ஆவி தீப்பற்றி, மூன்று கிலோமீட்டருக்கும் மேற்பட்ட நீளத்துக்குக் குழாயும் மேலிருந்த தெருக்களும் பிளந்தன. ஹெக்சேன் தண்ணீரில் கரையாது. அதைவிட இலேசானது என்பதால் மேலே மிதந்தபடி நெடுந்தூரம் செல்லும். அதன் ஆவியோ காற்றைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கனமானது. ஆகவே குழாயைவிட்டு எளிதில் வெளியேறாமல் உள்ளேயே தேங்கும். காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சற்றே தாண்டினால் போதும், ஒரு பொறியில் வெடிக்கும். 1992 ஏப்ரல் 22 அன்று மெக்சிகோவின் குவாதலஹாராவில் கசிந்த பெட்ரோல் சாக்கடைக்குள் புகுந்து வெடித்தபோது இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். பொறி பட்டால் ஆவி தீப்பற்றக்கூடிய மிகக் குறைந்த வெப்பநிலை 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உள்ள எந்தக் கழிவையும் பொதுச் சாக்கடையில் விடக்கூடாது என்று அமெரிக்க ஒன்றிய விதி சொல்வதன் காரணம் இதுதான். பிரிட்டனின் 1936ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டம் பெட்ரோலோடு கால்சியம் கார்பைடையும் பெயர் சொல்லித் தடுத்தது. கார்பைடு விளக்குகள் புழக்கத்தில் இருந்த காலம் அது; கார்பைடில் தண்ணீர் பட்டால் எரியக்கூடிய அசிட்டிலீன் வாயு கிளம்பும்.

அதே சட்டம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு, அதாவது 43.3 டிகிரி செல்சியஸுக்கு மேற்பட்ட சூட்டில், கேடு விளைக்கக்கூடிய எந்த நீரையும் விடக்கூடாது என்றது. 1991ஆம் ஆண்டின் புதிய சட்டமும் அந்த எண்ணை அப்படியே வைத்துக்கொண்டது. வெந்நீரில் நஞ்சு எதுவும் இல்லை. ஆனால் அது உறைந்த கொழுப்பை உருக்கிக் கொண்டுபோய் வேறோர் இடத்தில் உறைய விடுகிறது. நீரில் கரைந்துள்ள வாயுக்களை வெளியே தள்ளுகிறது. ஆக்சிஜனைக் குறைத்து, அழுகலை விரைவுபடுத்துகிறது.

இந்த விதிகளிலேயே மிக நுட்பமானது, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவைப் பற்றியது (7 நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) என்பது என் கருத்து. அமெரிக்காவில் பி.எச். 5-க்குக் கீழே போகக்கூடாது, இந்தியாவில் 5.5 முதல் 9 வரை இருக்க வேண்டும். அமிலம் குழாயை அரிக்கும் என்பதைத்தான் எல்லோரும் காரணமாகச் சொல்வார்கள். அது உண்மையே. ஆனால் அதைவிடப் பெரிய ஆபத்து, அமிலம் வழியில் யாரைச் சந்திக்கிறது என்பதில் இருக்கிறது. தோல் பதனிடும் ஆலையில் முடி நீக்குவதற்குச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடைச் சேர்ப்பார்கள். அந்தக் கழிவின் பி.எச். 12-ஐ ஒட்டி இருப்பதால் சல்பைடு முழுவதும் நீரிலேயே கரைந்து கிடக்கும், வாயுவாக மாறாது. பி.எச். 7-க்கு இறங்கினால் அதில் ஏறத்தாழ பாதி ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக வெளியேறும் வடிவத்துக்கு வந்துவிடும். 5-க்கு இறங்கினால் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு அந்த வடிவத்தில் இருக்கும். ஆகவே ஓர் ஆலை சல்பைடையும், இன்னொரு தெருவிலுள்ள வேறோர் ஆலை அமிலத்தையும் விட்டால், இருவர் வாசலிலும் எதுவும் நேராது. இரண்டு கிளைக் குழாய்களும் கூடும் ஆள்நுழைவுக் குழியில்தான் வாயு பீறிடும். மின்முலாம் பூசும் பட்டறைகளின் சயனைடுக்கும் இதே வேதியியல் பொருந்தும்: காரநீரில் அடங்கிக் கிடக்கும் அது, அமிலம் பட்டதும் ஹைட்ரஜன் சயனைடு வாயுவாகிறது.

ஹைட்ரஜன் சல்பைடு அழுகிய முட்டை நாற்றமுடையது என்பது பலருக்குத் தெரியும். அந்த நாற்றத்தை நம்ப முடியாது என்பது அவ்வளவாகத் தெரிவதில்லை. பத்து இலட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை எட்டும்போது அது மோப்ப நரம்பையே செயலிழக்கச் செய்கிறது. குழிக்குள் இறங்கியவர் நாற்றம் நின்றுவிட்டது என்று எண்ணும் வேளையில் வாயுவின் அளவு கூடிக்கொண்டிருக்கும். அதன் ஐந்தாறு மடங்கில் சில நிமிடங்களில் மயக்கமும், ஆயிரத்தை நெருங்கும்போது ஓரிரு மூச்சில் மரணமும் நேரலாம். தொழிலாளியின் உயிருக்கு ஆபத்தான அளவை வாயு எட்டிவிட்டதா என்பதைக் கருவிதான் சொல்ல முடியும், மூக்கு அல்ல.

ஆலைகளே இல்லாத ஊரின் சாக்கடையிலும் இந்த வாயு பிறக்கிறது. குழாயின் உட்புறச் சுவரில் நீர் படும் பகுதியில் வழுவழுப்பான உயிர்ப்படலம் ஒன்று வளர்ந்திருக்கும். ஆக்சிஜன் எட்டாத அதன் அடிப்பகுதியில் உள்ள பாக்டீரியாக்கள் நீரிலுள்ள சல்பேட்டைச் சல்பைடாக மாற்றுகின்றன. வாயு மேலே எழுந்து, குழாயின் கூரையில் பனித்திருக்கும் ஈரத்தில் கரைகிறது. அங்கே வேறொரு பாக்டீரியா அதை எடுத்துக் கந்தக அமிலமாக்குகிறது. புதிய கான்கிரீட்டின் பரப்பு பி.எச். 12-க்கு மேல் இருக்கும். சில ஆண்டுகளில் அது ஒன்று, இரண்டு என்ற அளவுக்கு இறங்கி, சிமென்ட் ஜிப்சமாகி, விரலால் வழித்தெடுக்கக்கூடிய வெள்ளைப் பசையாகிவிடும். நீர் ஓடும் அடிப்பகுதி நன்றாக இருக்க, நீரே படாத கூரை உதிரும் இந்தப் புதிருக்கு 1945இல் மெல்பர்னில் சி. டி. பார்க்கர் விடை கண்டார். தாம் பிரித்தெடுத்த பாக்டீரியாவுக்குக் கான்கிரீட்டைத் தின்பது என்னும் பொருள்படவே அவர் பெயர் வைத்தார். கழிவில் சல்பேட்டுக்கும் சல்பைடுக்கும் பல நகரங்கள் தனி வரம்பு விதிப்பது இதனால்தான்.

இங்கே சுவையான முரண் ஒன்று உண்டு. ஆலைக் கழிவில் உலோகங்களைக் குறைக்க வேண்டும் என்ற விதிகள் 1970களில் இறுகத் தொடங்கிய பிறகு, லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்துப் பெருங்குழாய்களில் அரிப்பு முன்பைவிட வேகமாயிற்று. அதுவரை கழிவோடு வந்துகொண்டிருந்த உலோகங்கள் சல்பைடைப் பிடித்துக் கரையாத வண்டலாக்கியதோடு, அதை உண்டாக்கும் பாக்டீரியாக்களையும் அடக்கி வைத்திருந்தன என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்காக அந்த விதி தவறு என்று யாரும் சொல்லவில்லை. சல்பைடைப் பிடிக்கும் அதே வேலைக்காக, நஞ்சு குறைந்த உலோகமான இரும்பின் உப்பை இன்று பல நகரங்கள் தாங்களாகவே சாக்கடையில் சேர்க்கின்றன.

கொழுப்பைப் பற்றிய விதி பலருக்கு எரிச்சலூட்டுவது. உணவகங்களில் எண்ணெய் பிடிக்கும் தொட்டி கட்டாயம் என்பதை வெறும் கெடுபிடியாகவே பார்க்கிறார்கள். 2017இல் லண்டனின் வைட்சாப்பல் பகுதியில் கண்டெடுக்கப்பட்ட கொழுப்புப் பாறை 250 மீட்டர் நீளமும் 130 டன் எடையும் கொண்டிருந்தது. அது வெறும் உறைந்த எண்ணெய் அல்ல. சாக்கடையில் எண்ணெய் உடைந்து கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. அவை நீரிலும் கான்கிரீட்டிலும் உள்ள கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத ஒருவகைச் சோப்பாக இறுகுகின்றன. ஈரத் துடைப்புத் தாள்கள் அதற்கு நாராகப் பயன்படுகின்றன. கழிவறைக் காகிதம் தண்ணீரில் விரைவில் இழை பிரிந்துவிடும். செயற்கை இழை கலந்த துடைப்புத் தாள் பிரியாமல் பம்பின் சுழலியில் கயிறாக முறுக்கிக்கொள்ளும். பாத்திரத்தைச் சோப்பும் வெந்நீரும் விட்டுக் கழுவினால் எண்ணெய் போய்விடுகிறது என்பது, நம் கண்ணுக்கு எட்டும் தூரம் வரைதான் உண்மை.

இந்தியாவின் சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) விதிகளின் ஆறாம் அட்டவணையைப் பார்த்தால், ஒரே மாசுக்கு வெவ்வேறு பத்திகளில் வெவ்வேறு எண்கள் இருக்கும். ஆற்றில் விடும் கழிவில் உயிர்வேதி ஆக்சிஜன் தேவை, அதாவது கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதைக் காட்டும் பி.ஓ.டி., லிட்டருக்கு 30 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது; பொதுச் சாக்கடையில் விடுவதானால் 350 வரை போகலாம். நீரில் கரையாமல் கலந்திருக்கும் திடப்பொருள்களுக்கு ஆற்றில் 100, சாக்கடையில் 600. சயனைடுக்கு 0.2, சாக்கடையில் 2. சாக்கடைக்கு இவ்வளவு சலுகை ஏன் என்றால், வழியின் முடிவில் சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது; பி.ஓ.டி. அளந்து காட்டும் கழிவு அங்குள்ள நுண்ணுயிர்களுக்கு உணவு. 1914இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் வடிவமைத்த முறைப்படி, காற்றூட்டிய தொட்டியில் அந்த உயிர்கள் கழிவைத் தின்று கசடாகத் திரள்கின்றன. ஆனால் அட்டவணையில் பாதரசத்தின் வரிக்குக் கண்ணை ஓட்டுங்கள்: ஆற்றுக்கும் 0.01, சாக்கடைக்கும் 0.01. சலுகை இல்லை. பாதரசத்தைத் தின்று தீர்க்கும் தொட்டி எந்த நிலையத்திலும் கிடையாது. உள்ளே வந்த பாதரசம் கசடில் ஒட்டிக்கொள்ளும், அல்லது நீரோடு ஆற்றுக்குப் போகும். மூன்றாவது வழி பெரும்பாலும் இல்லை. கசடை வயலுக்கு உரமாகப் போடும் நாடுகளில், கசடில் எவ்வளவு உலோகம் இருக்கலாம் என்பதற்கும் தனிச் சட்டம் உண்டு. பல் மருத்துவமனைகளில் அடைப்புக்குப் பயன்படும் இரசக்கலவைத் துகள்களை வடிகாலுக்கு முன்பே பிடிக்கும் கருவி கட்டாயம் என்று அமெரிக்கா 2017இல் விதித்தது. அந்தக் கருவி துகள்களில் நூற்றுக்கு 95 பங்கையாவது பிடித்தாக வேண்டும்.

நாடு முழுவதற்குமான வரம்புக்கு மேலே, ஒவ்வொரு நகரமும் தன் நிலையத்துக்கு ஏற்பத் தனி வரம்பை வகுப்பதுண்டு. இந்தக் கணக்கு பின்னிருந்து முன்னோக்கிப் போகிறது. ஆற்றுக்கும் கசடுக்கும் உள்ள வரம்பு மீறப்படாமல் இருக்க, ஒரு நிலையத்துக்குள் நாளொன்றுக்கு 20 கிலோ செம்பு வரலாம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக் குழாய்களிலிருந்து கரைந்து வருவது 8 கிலோ. எதிர்பாராததற்காக 2 கிலோ ஒதுக்கினால், ஆலைகளுக்கு மிஞ்சுவது 10 கிலோ. ஆலைகள் அனைத்தும் சேர்ந்து நாளுக்கு 50 இலட்சம் லிட்டர் கழிவுநீரை விடுமானால், வரம்பு லிட்டருக்கு 2 மில்லிகிராம். பக்கத்து ஊரில் இதே கணக்கு வேறு விடை தரும். ஒரே தொழிலுக்கு இரண்டு ஊர்களில் இரண்டு விதியா என்ற குறை அடிக்கடி எழுகிறது. இரண்டு ஊர்களின் ஆறும் நிலையமும் ஒன்றாக இல்லாதவரை அப்படித்தான் இருக்க முடியும்.

இந்தக் கணக்கைப் புரிந்துகொண்டால், தண்ணீர் ஊற்றிக் கழிவை நீர்க்கச் செய்வது ஏன் தடைசெய்யப்பட்டிருக்கிறது என்பதும் விளங்கும். லிட்டருக்கு 10 மில்லிகிராம் உலோகம் உள்ள நீரோடு ஒன்பது மடங்கு நல்ல நீரைக் கலந்தால் அளவு 1-க்கு இறங்கிவிடும். நிலையத்துக்குப் போகும் உலோகத்தின் எடை அப்படியே இருக்கும். கூடவே, நிலையம் வீணாகச் சுமக்க வேண்டிய நீரும் பத்து மடங்காகும். இதற்கு நேர்மாறான சிக்கல் மொத்தமாகத் திறந்துவிடுவது. ஒரு தொட்டிக் கழிவை நாள் முழுவதும் மெல்ல விட்டால் நிலையம் தாங்கும். அதையே பத்து நிமிடத்தில் விட்டால் நுண்ணுயிர்கள் மடியலாம். அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை என்பதால், அவை மீண்டும் தலையெடுக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால்தான் பல ஆலைகளில் கழிவைத் தேக்கிச் சமன்படுத்தும் தொட்டி ஒன்று கேட்கப்படுகிறது.

மீறலைக் கண்டுபிடிப்பதில் மாதிரி எடுக்கும் முறையே பாதி வேலை. உலோகங்களுக்கு, ஓட்டத்துக்கு ஏற்ற அளவில் 24 மணி நேரமும் சிறிது சிறிதாகச் சேர்த்த கூட்டு மாதிரி வேண்டும். பி.எச்., சயனைடு, எண்ணெய், எளிதில் ஆவியாகும் கரைப்பான்கள் ஆகியவற்றுக்கு அது உதவாது. காத்திருக்கும் நேரத்தில் அவை மாறிவிடும், ஆவியாகிவிடும், அல்லது பாத்திரத்தில் ஒட்டிக்கொள்ளும். அவற்றுக்கு ஒரே முறையில் முகந்த மாதிரிதான் எடுக்க வேண்டும், அதுவும் ஆலையின் நீர் வேறு நீரோடு கலப்பதற்கு முன்பு. நள்ளிரவில் திறந்துவிட்டுக் காலையில் எதுவும் தெரியாதவர்போல் இருப்பவர்களைப் பிடிக்க ஜெர்மனியில் நல்லதொரு வழியைக் கையாள்கிறார்கள்: குழாய்ச் சுவரிலுள்ள அந்த உயிர்ப்படலத்தையே சுரண்டி எடுத்துச் சோதிப்பது. உலோகம் ஓடிப்போன பிறகும் அதன் ஒரு பகுதி படலத்தில் தங்கிவிடுகிறது. குழிக்குக் குழி மேல்நோக்கிச் சோதித்துக்கொண்டே போனால், அளவு சட்டென்று குறையும் இடத்துக்கு முந்திய இணைப்பு யாருடையது என்று பார்த்துவிடலாம்.

இத்தனை ஏற்பாடும் ஆலை வாசலில் நின்று சோதிக்க முடிந்த கழிவுக்குத்தான். மனிதர் உண்ட மருந்தின் மிச்சம் ஒவ்வொரு வீட்டின் கழிவறையிலிருந்தும் சிறுகச் சிறுக வருகிறது. வலிநீக்கியான டைக்ளோஃபெனாக்கும் வலிப்புக்குத் தரும் கார்பமஸெபைனும் வழக்கமான சுத்திகரிப்பில் பெருமளவு தப்பித்து ஆற்றுக்குப் போகின்றன. கோடிக்கணக்கான வீடுகளுக்கு வரம்பு விதித்து மாதிரி எடுப்பது நடவாத காரியம். 2024இல் திருத்தப்பட்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நகர்ப்புறக் கழிவுநீர்ச் சட்டம் வேறு வழியை எடுத்திருக்கிறது: பெரிய நிலையங்கள் இத்தகைய நுண்மாசுகளை நீக்கும் நான்காம் கட்டச் சுத்திகரிப்பைப் படிப்படியாகச் சேர்க்க வேண்டும், அதற்கு ஆகும் கூடுதல் செலவில் குறைந்தது 80 விழுக்காட்டை மருந்துகளையும் அழகுப் பொருள்களையும் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்கள் ஏற்க வேண்டும்.