சிகிச்சை முடிந்தது, எங்கே போவது?

வீடற்றோர் என்றதும் எல்லாருக்கும் காப்பகம்தான் நினைவுக்கு வருகிறது. காப்பகம் வேண்டும், சந்தேகமில்லை. நகரங்களில் லட்சம் பேருக்கு ஒன்றாவது இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. சென்னையில் மாநகராட்சி இடம் கொடுக்க, தொண்டு நிறுவனங்கள் நடத்துகின்றன. ஆனால் சமூகப் பணியாளராக நான் அன்றாடம் பார்க்கும் சிக்கல் வேறு. ஒரு துறையின் வாசலிலிருந்து அடுத்த துறையின் வாசலுக்குப் போகிற வழியில்தான் ஆட்கள் தொலைந்துபோகிறார்கள்.

அரசு மருத்துவமனை டிஸ்சார்ஜையே எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டை தூக்குகிற ஒருவர் கால் முறிந்து அட்மிட் ஆகிறார். பிளேட் வைத்துச் சரிசெய்கிறார்கள், காசு வாங்குவதில்லை. அதற்குள் கூலி நின்று, வாடகை பாக்கியாகி, அறைக்காரர் இவருடைய பெட்டியை வெளியே வைத்துவிட்டார். வார்டில் அடுத்தவருக்குக் கட்டில் வேண்டும். டாக்டரைக் குறை சொல்ல முடியாது. காப்பகத்தில் கேட்டால், "தானே பாத்ரூம் போய் வருவாரா?" என்பதுதான் முதல் கேள்வி. அதுவும் நியாயம்தான். ராத்திரி அங்கே இருப்பது ஒரு காப்பாளர், நர்ஸ் கிடையாது. ஆளுக்கொரு நியாயம், அவரோ வாக்கரும் மருந்துக் கவருமாக பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்திருக்கிறார். புண்ணில் சீழ் பிடித்தால் மறுபடியும் அதே வார்டு.

இதற்குப் புதுத் திட்டம் எதுவும் வேண்டாம். அட்மிஷன் அன்றே "போக வீடு இருக்கிறதா?" என்று கேட்டு கேஸ் ஷீட்டில் எழுதிவைத்தால் போதும். டிஸ்சார்ஜுக்கு முன்பே மாநகராட்சிக்குத் தகவல் போகும், இடம் தேட நாலு நாள் கிடைக்கும்.

மனநலப் பிரச்சினையோடு தெருவில் திரிகிறவர்கள் விஷயத்தில் சட்டமே துறைகளைச் சேர்த்துக் கட்டியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 100-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். போலீஸ் தன் பாதுகாப்பில் எடுத்தவரை 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவ நிலையத்தில் சேர்க்க வேண்டும். அட்மிஷன் தேவையில்லை என்று டாக்டர் சொன்னால், வீடில்லாதவரை வீடற்றோருக்கான அரசு காப்பகத்தில் விட வேண்டும். காணாமல்போனவர் என்று எஃப்ஐஆர் போட்டு, குடும்பத்தைத் தேடுவதும் ஸ்டேஷன் அதிகாரியின் கடமை. யார், யாரிடம், எப்போது ஒப்படைப்பது என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருப்பதே ஆச்சரியம். நடைமுறை ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் மாறும். அந்தப் பக்கத்தின் நகல் எப்போதும் என் பையில் இருக்கும். வாக்குவாதத்தைவிட அது சீக்கிரம் வேலை செய்கிறது.

எனக்குப் பிடித்த இன்னொரு ஏற்பாடு தேர்தல் ஆணையத்துடையது. பிளாட்பாரத்தில் இருப்பவர் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுத்தால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் ராத்திரியில் போய், அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு ராத்திரிக்கு மேல். உறுதியானால் முகவரிச் சான்றே தேவையில்லை. ஓட்டுக்கு முடிகிறது, ரேஷன் அட்டைக்கு மட்டும் ஏன் முடியவில்லை?

இருக்கிற வீடு பறிபோகாமல் தடுப்பதிலும் இதே கதைதான். கூவம் கரையில் குடிசையை அகற்றுவது ஒரு துறை, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்தில் வீடு ஒதுக்குவது இன்னொன்று, பஸ் விடுவது மூன்றாவது. விடிகாலையில் மார்க்கெட்டில் நிற்க வேண்டியவர் அவ்வளவு தூரத்திலிருந்து எப்படி வருவார்? கடை வாசலிலேயே படுத்துக்கொண்டு, லீவு நாளில் மட்டும் வீட்டுக்குப் போகிறார். அரசுக் கணக்கில் அவர் வீடுள்ளவர்.

சரி, நீங்கள் செய்யக்கூடியது? சென்னையில் என்றால் மாநகராட்சியின் 1913, முதியவர் என்றால் 14567, உடம்பு முடியாமல் கிடந்தால் 108. இடத்தைச் சரியாகச் சொல்லுங்கள், எந்தக் கடை வாசல், எந்த பஸ் ஸ்டாப் என்று. ஆம்புலன்ஸ் வந்தால் எந்த மருத்துவமனைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் மறுநாள் அங்கே போய், இவருக்குப் போக வீடில்லை என்பதை வார்டு நர்ஸிடம் சொல்லி எழுதவையுங்கள்.